ஃபரீதூன் ஆகாவின் வலது முழங்கால்

1

இந்தக் கதை நான் அமுக்கிய ஒரு பொத்தானிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டினால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

என் பெயர் மஹின். ஷிராஸில் ஒரு விமான நிறுவனத்தின் தொலைபேசியருகே உட்கார்ந்து பயணிகளுக்கு இருக்கை ஒதுக்குகிறேன். இடையிடையே கதை எழுதுகிறேன். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் இரண்டிலும் தலைவலி.

கைவிட்ட தொடக்கங்கள்:

"அது வசந்தகாலம். நாரத்தைப் பூவின் மணம் வீதியெல்லாம்—" (ஷிராஸில் பேனா பிடிக்கிற எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறோம். அடித்துவிட்டேன்.)

"இடது காலை மடக்க முடியாத ஃபரீதூன் ஆகா—" (இதையும் அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

ஃபரீதூன் ஆகா ('ஆகா' என்றால் ஐயா; 'கானும்' என்றால் அம்மா) ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு முழங்காலுக்குள் இரும்புத் தண்டு வைத்துவிட்டார்கள். கால் மடங்காது. போன வருடம் மூத்த மகள் திருமணத்துக்காகத் தப்ரீஸ் போக டிக்கெட் கேட்டு அழைத்தார்.

"ஸலாம் ஆகா. பயணத்துல ஏதாவது விசேஷ உதவி வேணுங்களா?"

"ஐயோ, ஒண்ணும் வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? நான் உங்க காலடி மண்ணு."

எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' வெறும் கனைப்பு. இரண்டாவது, மரியாதை. மூன்றாம் முறை கேட்டால்தான் மனிதர் உண்மையைச் சொல்வார். தேநீரானாலும் சரி, பிஸ்தாவானாலும் சரி. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வாரம்தான் எங்கள் மேலாளர் எஸ்ஃபந்தியாரி புது உத்தரவு போட்டிருந்தார்.

"ஒரு தடவைதான் கேக்கணும் மஹின் கானும். ரெண்டாம் தடவை கேட்டா நச்சரிக்கிறதுன்னு ஆயிடும்."

(இந்த மனிதரைத் தேநீர் குடிக்க வைக்க நான் தினமும் மூன்று முறை கெஞ்ச வேண்டும்.)

நான் 'உதவி தேவையில்லை' பொத்தானை அமுக்கினேன். கணினி அவரை 22-ஏ ஜன்னலோரத்தில் போட்டது. அங்கே ஃபரீதூன் ஆகா நுழைந்தார், கால் நுழையவில்லை. விமானம் நிறைந்திருந்தது. அவரை இறக்கி, பெட்டியைத் தேடி இறக்கி, விமானம் இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. அவரோ வரிசை வரிசையாக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினாராம். விமானியிடம் இரண்டு முறை.

3

கால் விஷயம்.

முதல் வரைவில் இடது கால் என்று எழுதியிருந்தேன். இடது கால் ஏனோ இலக்கியமாகப் பட்டது. ஆனால் இடது கால் என்றால் அவர் 4-டியில் உட்கார வேண்டும். நடைபாதை அங்கேதான் இடப்பக்கம் வரும். பக்கத்தில் 4-இயில், மடியில் வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒரு விதவையை உட்கார வைத்து, மேகங்களுக்கு மேலே அரைப்பக்கக் காதல்கூட எழுதிவிட்டேன். நிஜக் கால் வலது கால். அதற்கு 4-சிதான் சரி. ஒரு காலை மாற்றினேன், ஒரு காதல் போயிற்று. (அந்த அம்மா இன்னும் 4-இயில்தான் இருக்கிறார். வெள்ளரிக்காயை ஒருவரும் சீந்தவில்லை.)

(அவசரக் கதவு வரிசையில் காலை நீட்ட நிறைய இடம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஆபத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறக்கக்கூடியவர்கள்தான் அங்கே உட்காரலாம். காலை நீட்ட வசதியான வரிசை, காலை மடக்கத் தெரிந்தவர்களுக்கு!)

4

போன வாரம் அதே குரல். இளைய மகள் மஹ்ரூவுக்குத் திருமணம், மறுபடியும் தப்ரீஸ். என்னை அவருக்குத் தெரியவில்லை.

"விசேஷ உதவி வேணுங்களா ஆகா?"

"வேண்டாம்மா, நீங்க நல்லா இருந்தா போதும்."

எஸ்ஃபந்தியாரி எதிர் மேசையிலிருந்து பார்த்தார்.

"ஆகா, வேணுங்களா?"

"சே சே, வேண்டவே வேண்டாம்."

எஸ்ஃபந்தியாரி எழுந்து நின்றார். அவர் முகத்துக்கு நேராகவே மூன்றாவது முறை கேட்டேன்.

"ஆகா, உங்க உயிர் மேல ஆணை. சொல்லுங்க."

மறுமுனையில் மெதுவாகச் சொன்னார். "தொந்தரவு இல்லன்னா... காலை நீட்ட ஒரு இடம் வேணும்மா. போன தடவை பெரியவ நிக்காஹ்வுக்குப் போக முடியல. பொண்ணுகிட்ட மூணாவது தடவை சம்மதம் கேட்டப்போ, 'எங்கப்பா அனுமதியோட'ன்னு என் காலி நாற்காலியப் பாத்துச் சொன்னாளாம்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. அந்தப் பொத்தானை அமுக்கியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்—

(சொல்லவில்லை. கதாசிரியர்களும் கோழைகள்தான்.)

4-சியை ஒதுக்கினேன். சக்கர நாற்காலிக்கும் சொல்லிவைத்தேன். பணிப்பெண்களுக்கான குறிப்பில் எழுதினேன்: "வேண்டாம் என்பார். மூன்று முறை கேட்கவும். தன் இருக்கையை அடுத்தவருக்குக் கொடுப்பார். யாரும் வாங்கக் கூடாது."

5

இன்று காலை விமான நிலையத்திலிருந்து ஹோமா அழைத்தாள். வாசலில் சீட்டுக் கிழிப்பவள்.

"ஏய் மஹின், உன் ஆளு சக்கர நாற்காலியைப் பின்னால நின்ன ஒரு அம்மாவுக்குக் கொடுத்துட்டாரு!"

"அவரு?"

"அவருதான் தள்ளிக்கிட்டுப் போறாரு! விறைச்ச காலோட!"

"பிடிடீ அவரை!"

கால் மணி நேரம் கழித்து மறுபடியும். இந்த முறை கிசுகிசுத்தாள். "விமானக் கதவுகிட்ட நிக்கிறேன். 4-சிகிட்ட ஒரு குண்டு ஆளு வந்து, 'ஓரமா உக்காந்தா நல்லாருக்கும்'கிறான். உன் ஆளு நெஞ்சுல கை வச்சு, 'எடுத்துக்கங்க, இதெல்லாம் உங்க தகுதிக்கு ஒண்ணுமேயில்ல'ங்கிறாரு!"

"ஒத்தை தடவைதானே சொன்னாரு? அவன் மறுத்தானா?"

"அவன் எந்த ஊர்க்காரனோ, பையை மேல வச்சுட்டான்! பணிப்பெண் வேற ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கிட்டு— ஐயோ, கதவை மூடறாங்க—"

6

இதை எழுதும்போது விமானம் பதினாறு நிமிடம் தாமதம். காரணம் திரையில் வரவில்லை. ஹோமாவும் போனை எடுக்கவில்லை. போன வருடம் அவரை இறக்கியபோதும் இப்படித்தான் தாமதமானது. அல்லது அந்தப் பணிப்பெண் என் குறிப்பைப் படித்துவிட்டு இப்போதுதான் இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தப்ரீஸில் மாலை நான்கு மணிக்கு நிக்காஹ். மணப்பெண்ணிடம் முதல் முறை சம்மதம் கேட்டதும் பெண்கள், "பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா!" என்று கத்துவார்கள். இரண்டாம் முறை, "பன்னீர் எடுத்தாரப் போயிருக்கா!" மூன்றாம் முறை மஹ்ரூ அப்பாவின் நாற்காலியைப் பார்ப்பாள்.

முடிவு (அ): குண்டு ஆள் வெட்கப்பட்டு எழுந்து, 4-இ அம்மாவின் பக்கத்தில்—

முடிவு (ஆ): இல்லை. இதை எழுத மாட்டேன்.

வாசகரே, முடிவை நீங்கள் சொல்கிறீர்களா?

வேண்டாம் என்பீர்கள். உங்கள் கதை, நாங்கள் யார் என்பீர்கள். தெரியும்.

சொல்லுங்களேன்?

இதற்கும் தலையாட்டி மறுப்பீர்கள். எஸ்ஃபந்தியாரி என் தலைக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறார். படிக்கட்டும்.

உங்கள் உயிர் மேல் ஆணை, மூன்றாம் முறை கேட்கிறேன். அவரை உட்கார வையுங்கள். நாலாம் வரிசை, சி. வலது கால் நடைபாதைப் பக்கம்.