கறுத்த பொயிலை பற்றி மூன்று பேர் எழுதியது

நிரஞ்சன் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை மூடியின் விளிம்பில் செருகித் திருகியதும் தகரப் பேணி ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. தேத்தண்ணித் தட்டோடு விறாந்தைக்கு வந்த பூரணி அப்படியே நின்றாள். நித்திரையில் கிடப்பவர் திடுக்கிட்டு இழுக்கும் மூச்சைப் போல இருந்தது அது. மேசையைச் சுற்றியிருந்த மூன்று ஆண்களும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

“பாத்தியளே, முப்பது வருசமாக் காத்துப் புகேல்லை,” என்றார் சிவபாதம்.

டயகமவுக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏறினால் தேயிலைத் தோட்டத்துப் பழைய தொரை பங்களா. ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருப்பவரின் மகன் நிரஞ்சன் அதைக் குத்தகைக்கு எடுத்துச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுகிறான். போன மாதம் ஒப்பிஸ் அறையில் உளுத்த பலகைகளை மாற்றும்போது, சுவர் அலுமாரியின் முதுகுப் பலகைக்குப் பின்னால் தச்சருக்கு இந்தப் பேணி கிடைத்தது. சுங்கானில், அதாவது பைப்பில், போட்டுக் குடிக்கிற வேர்ஜினியாப் பொயிலை. அடியில் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பொறித்திருந்தது. இந்த வகைப் பொயிலை, பேணிக்குள் கிடக்கக் கிடக்கக் கறுத்து இனிக்குமாம். நிரஞ்சன் படத்தை அனுப்பியதும் கொட்டகலையிலிருந்து சிவபாதம் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியாராக வந்து, கல்வி அதிகாரியாக ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமலே தங்கிவிட்டவர். கூடவே, விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் சாருஜன். அவன் கனடாவில் இருக்கிறான். சுங்கான் குடிப்பவர்கள் ஒவ்வொரு பொயிலையைப் பற்றியும் தங்கள் அனுபவத்தை எழுதுகிற ஒரு இணையப் பக்கத்தில் இருநூறுக்கு மேல் எழுதியிருக்கிறானாம்.

உள்ளே மெழுகுத் தாளுக்குள், மெல்லிய பலகைத் துண்டுகளைப் போல, அழுத்தி வெட்டிய பொயிலை அடுக்கடுக்காக இருந்தது. பழைய சப்பாத்துத் தோலின் நிறம். ஓரங்களில் மட்டும் பொடிச் சீனி தூவியது போல வெள்ளைப் பூப்பு.

“பூஞ்சணமோ?” என்றான் நிரஞ்சன்.

“இல்லை, அது சீனிதான். உள்ளேயிருந்து கசிஞ்சு வந்தது,” என்றான் சாருஜன்.

சிவபாதம் ஒரு துண்டைப் பூரணியிடம் நீட்டினார். “பிள்ளை, நீர் வெத்திலை போடுறனீர்தானே. மணந்து பாரும்.”

புளித்துப்போன பழமும் கித்துல் கருப்பட்டியும் சேர்ந்த மணம். அதற்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. அவள் “நல்லாருக்குங்க சேர்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

துண்டுகள் ஈரமாக இருந்தன. மூடுபனிக்குள் வைத்தால் காயாது என்பதால் பூரணிதான் ஒரு பீங்கானில் பரப்பி, குசினி அடுப்பின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைத்தாள். பிறகு அவர்கள் விரல்களால் உதிர்த்து, சுங்கானில் அடைத்து, இரண்டு மூன்று தரம் அணைந்ததை மறுபடியும் பற்ற வைத்துக் குடிக்கத் தொடங்கினார்கள். பேசக்கூடாது, எழுத மட்டும்தான் வேண்டும் என்பது சாருஜனின் சட்டம். ஒருத்தர் சொன்னால் மற்றவரின் நாக்கும் அதையே சொல்லுமாம். மத்தியானம் மூன்று மணி. தேயிலை மலை முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. புல்வெளியின் அந்தப் பக்கத்து சைப்ரஸ் மரங்கள் தெரியவில்லை. இரண்டாவது தரம் தேத்தண்ணி ஊற்றும்போது, சாப்பாட்டு அறை வாசலில் யாரோ வந்து நிற்பதாகப் பட்டு, பூரணி திரும்பினாள். யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திரும்பினாள்.

சுங்கான்கள் அணைந்த பிறகு சாருஜன் மூன்று குறிப்புகளையும் வாசித்தான். காய்ந்த அத்திப்பழம் என்று அவனும், பேரீச்சை என்று நிரஞ்சனும், தகப்பனின் தோட்டத்துப் பொயிலைக்குப் பூசிய இனிப்புப் பாணி என்று சிவபாதமும் எழுதியிருந்தார்கள். நடுவில் வைக்கோல், மிளகு, கருகிய பாண். அதுவரை அவரவர் நாக்கு. கடைசிப் பகுதிக்கு வந்தபோது சாருஜனின் குரல் தாழ்ந்தது.

சிவபாதத்தின் கொப்பித் தாளில், ‘முடிவில் நனைந்த ஆட்டு உரோமத்தின் வாசம். மழைக்குள்ளிருந்து ஒருவர் வந்து அருகில் நிற்பது போன்ற உணர்வு’ என்றிருந்தது. நிரஞ்சன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், ‘கடைசியில ஈரக் கம்பளி. முதுகுப் பக்கம் யாரோ’ என்று எழுதியிருந்தான். சாருஜன் தன் கைபேசியைத் திருப்பி மேசையில் வைத்தான். அதிலும் அதுதான்.

“மாமா, நீங்கள் எழுதினதை நான் பாக்கேல்லை,” என்றான்.

“நானும் பாக்கேல்லையடா,” என்று சிவபாதம் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

பூரணி தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அங்கே கோப்பைகளைக் கழுவாமல் வெகுநேரம் தண்ணீரை ஓடவிட்டபடி நின்றாள். அந்த வாசம் அவளுக்கும் அடித்திருந்தது. அவள் புகை எதையும் குடித்தவளல்ல.

அவளுடைய அப்பா கந்தப்பன் இதே பங்களாவில் அப்புவாக இருந்தவர். தொரைக்குச் சமைத்து, உடுப்புத் தேய்த்து, இதே வகைப் பொயிலையைக் காய வைத்து உதிர்த்துக் கொடுத்ததும் அவர்தான். தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆடி மாத மழையில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, தலையில் கம்பளியைக் கொங்காணி போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஏறியவர் திரும்பவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது. தொரையின் தங்கச் சங்கிலிக் கடிகாரத்தைத் திருடிக்கொண்டு ஓடிப்போய்விட்டார் என்று சொன்னார்கள். இந்தியாவில் பார்த்ததாக ஒருவர், வவுனியாவில் ஒருத்தியோடு இருப்பதாக இன்னொருவர். தொழிலாளர் லயத்தில் அம்மாவைத் திருடன் பொண்டாட்டி என்று கூப்பிட்டார்கள். அம்மா பொட்டை அழிக்கவில்லை. யாராவது அதைப் பார்த்தால் முந்தானையை நெற்றிக்கு இழுத்துக்கொள்வாள். பூரணி பதினொரு வருடங்களாக அந்தப் பங்களாவில் வேலை செய்கிறாள். திருடன் மகளை வேலைக்கு எடுத்ததே பெரிய விஷயம் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு.

மறுநாள் மத்தியானம் சாருஜன் சட்டத்தை இறுக்கினான். ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது. நிரஞ்சன் ஒப்பிஸ் அறையில், சாருஜன் புல்வெளியில் குடையின் கீழ், சிவபாதம் விறாந்தையில். ஒரு மணி நேரம் கழித்துப் பூரணி போய்த் தாள்களை வாங்கி வர வேண்டும்.

நிரஞ்சனின் தாளை முதலில் வாங்கினாள். அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நடந்துகொண்டே வாசித்தாள். ‘கம்பளி. அப்புறம் சுண்ணாம்பு. புதுசாப் பூசின சீமெந்து.’ புல்வெளியில் சாருஜன் தாளை நீட்டியபோது அவன் விரல்கள் வெளிறியிருந்தன. ‘நாக்கில் இரும்பு. தேங்கிய தண்ணீர். ஈரச் சீமெந்து. போதும், இனிக் குடிக்க விருப்பமில்லை.’

சிவபாதம் தாளைக் கொடுக்கவில்லை. சுங்கானைக் கையில் பிடித்தபடி விறாந்தைப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, இந்தப் புகை மேல போகேல்லை. நிண்டு பாரும்.”

அவர் விட்ட புகை மூடுபனியில் கலக்காமல், தனி நிறமாக, படிகளில் இறங்கியது. கடைசிப் படியில் கொஞ்சம் தேங்கிவிட்டு, சுவரை ஒட்டிப் பின்பக்கம் திரும்பியது. காற்று கொஞ்சமும் இல்லை. பூரணி அதன் பின்னாலேயே போனாள். அது குசினி முற்றத்தைத் தாண்டி, கொய்யா மரத்துக்குக் கீழே இருந்த சீமெந்துத் திட்டில் ஏறிப் படுத்துக் கரைந்தது.

பதினொரு வருடங்களாக அவள் சட்டி பானை கவிழ்த்துக் காயவைக்கும் திட்டு அது. மிளகாய் உலர்த்துவதும் அதில்தான். வெயில் நாட்களில் வேலை முடிந்து கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவதும் அதில்தான். அது என்ன, ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை.

அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே லயத்துக்கு இறங்கினாள். அம்மா நாகலெட்சுமி பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பங்களா குசினிக்குப் பின்னால ஒரு திட்டு இருக்குல்ல, அது முன்ன என்னா?”

“தண்ணித் தாங்கிடி. நெலத்துக்குக் கீழ வெட்டுன பழைய தாங்கி. தண்ணி நாறுதுன்னு தொர அத மூடிட்டு மேட்டுல புதுசா ஒண்ணு கட்டுனாரு.”

“எப்ப மூடுனாங்க?”

பீலியின் தண்ணீர் அவள் பாதத்தில் விழுந்துகொண்டே இருந்தது. கழுவி முடித்த காலையே மறுபடியும் கழுவினாள்.

“அந்த மழையிலதான்,” என்றாள் பிறகு. “மூணு நாளு கழிச்சி. கொத்தனாரு நம்ம தோட்டத்து ஆளில்ல. வெளியருந்து கூட்டியாந்தாங்க.”

“நீ யாருகிட்டயும் கேக்கலியா?”

“தொரகிட்டயே போயிக் கேட்டேன். படியில நின்னுக்கிட்டு, ஒம் புருசன் களவெடுத்துட்டு ஓடிட்டான்னாரு. நான் அவரு மூஞ்சியவே பாத்தேன். எந்நேரமும் பைப்பும் வாயுமா இருந்த மனுசன். அன்னைலருந்து அவரு அதத் தொடல பூரணி. நான் பங்களாத் தோட்டத்துல புல்லு வெட்டுனவதானே, எனக்குத் தெரியும். தோட்டத்த விட்டுப் போற வரைக்கும் தொடல.”

பூரணி, அலுமாரிக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்து வைத்திருந்த பேணியைப் பற்றி அம்மாவிடம் சொன்னாள். மூன்று பேரும் எழுதியதையும் சொன்னாள்.

காலையில் பூரணி நிரஞ்சனிடம் போய் நின்றாள். திட்டை உடைக்க வேண்டும் என்றாள். ஏன் என்றும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தான்.

“நீ சொல்றத நான் இல்லைங்கல. ஆனா பொலிசுல போயி என்னான்னு சொல்றது? பொயிலை குடிச்சோம், வாசம் வந்துச்சுன்னா? இங்க இப்பிடின்னு வெளிய தெரிஞ்சா ஒரு ஆளு வந்து தங்குவானா? ஒன் வேலையும் இதுலதான் இருக்கு.”

“தெரியுங்க சேர்.”

“தாங்கிக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னா?”

“அப்ப எங்கப்பா களவாணிதான்னு நெனச்சுக்கிறேன். அதையும் பாத்துட்டு நெனைக்கிறேன்.”

மேசையின் அந்தப் பக்கம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சாருஜன், கைபேசியில் முந்தாநாள் எழுதி வைத்ததில் கடைசி வரிகளை அழித்துக்கொண்டிருந்தான். சிவபாதம் எட்டி அவன் கையைப் பிடித்தார்.

“அழியாதை தம்பி.”

“மாமா, இதை வாசிச்சா எனக்கு விசர் எண்டு நினைப்பினம்.”

“நினைக்கட்டும். இந்தத் தோட்டத்திலை ஒருத்தரும் ஒண்டும் எழுதி வைக்கேல்லை. இப்ப மூண்டு பேற்றை கையெழுத்து இருக்கு.” அவர் நிரஞ்சனைப் பார்த்தார். “வேணுமெண்டால் என்ரை பேரைப் போட்டுப் பொலிசுக்கு நான் எழுதித்தாறன்.”

நிரஞ்சன் புல்வெளியைப் பார்த்தான். மூடுபனிக்குள்ளிருந்து நாகலெட்சுமி மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தாள். துவைத்த சேலை, படிய வாரிய தலை. முந்தானை நெற்றியை மறைக்கவில்லை. முப்பது வருடங்களில் அவள் அந்தப் படியில் கால் வைப்பது அன்றைக்குத்தான். சிவபாதம் கதிரையை விட்டு எழுந்தார்.

“இருங்கோ அம்மா.”

அவள் உட்காரவில்லை. மேசையிலிருந்த பேணியைக் காட்டி, “அதுல எனக்கு ஒரு துண்டு தர்றீங்களா?” என்று கேட்டாள்.

சாருஜன்தான் எடுத்துக் கொடுத்தான். “அம்மா, இது சப்புற பொயிலை இல்லை. வயித்தைப் பிரட்டும்.”

அவள் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். நரம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, அந்தக் கறுத்த துண்டை நடுவில் வைத்து மடித்து வாயில் போட்டாள். அவள் தாடை மட்டும் அசைந்தது. பூரணி அம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நெடுநேரம் புல்வெளியைப் பார்த்தபடி மென்றாள். ஒரு தரமும் துப்பவில்லை.

“மொதல்ல இனிக்குது,” என்றாள்.

சாருஜனின் கை தானாகவே தாளை நோக்கிப் போனது.

“அப்புறம்?” என்றார் சிவபாதம், மிகவும் மெதுவாக.

அவள் சாற்றை விழுங்கினாள். படி இறங்கி, வழி கேட்காமல், சுவரோரமாகப் பின்பக்கம் போனாள். மற்ற நான்கு பேரும் பின்னால் போனார்கள். நிரஞ்சனும்தான்.

திட்டின் மேல் நேற்றுக் கவிழ்த்த இரண்டு சட்டிகள் இருந்தன. நாகலெட்சுமி அவற்றை எடுத்துப் புல்லில் ஓரமாக வைத்தாள். சீமெந்தைக் கையால் துடைத்தாள். பிறகு முழங்காலிட்டு, விரல் மொளியை மடக்கி மூன்று தரம் தட்டினாள். லயத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போல, அதிகம் சத்தமில்லாமல்.

“ஏங்க,” என்றாள். “நான் லெச்சுமி.”

குனிந்து கன்னத்தைச் சீமெந்தில் வைத்து, காதைப் பதித்துக்கொண்டாள். சாருஜனின் சப்பாத்துக்குக் கீழே ஒரு சரளைக் கல் நொறுங்கியது. அவள் தலையைத் தூக்காமலே, சத்தம் போட வேண்டாம் என்று அவர்கள் பக்கமாக ஒரு கையை உயர்த்தினாள். அந்தக் கை அப்படியே உயர்ந்து நின்றது.