செம்மண் கட்டிய அவரை

காரியம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தது சென்னியம்மாள் நங்கையாதான். என் வீட்டுக்காரரின் அக்கா. பொள்ளாச்சியிலிருந்து தம்பியின் சாவுக்கு வந்தவர், எனக்காகத் தங்கிவிட்டார். அதுவரை சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சோற்றை நான் பேருக்குக் கொறித்தேன்.

இலையில் குழம்பு விழுந்ததும் பார்த்தேன். அவரைக்கொட்டை. கருஞ்சிவப்புத் தோல், ஓரத்தில் வெள்ளைக் கோடு. அடக் கடவுளே, விதை!

துடியலூரில் எங்கள் மொட்டைமாடிதான் என் வீட்டுக்காரருக்குத் தோட்டம். மனுசன் சரியான கஞ்சன். பாக்கெட் விதை என்றால் வருசா வருசம் வாங்க வேண்டும் என்று, பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு அம்மாளிடம் பேரம்பேசி இந்த அவரையில் ஒரு கைப்பிடி வாங்கிவந்தார். அந்த அம்மாளை அப்புறம் சந்தையில் காணவே இல்லை. அதனால் வருசந்தோறும் நல்ல காயாகப் பார்த்துக் கொடியிலேயே காயவிட்டு விதைக்கு எடுப்பார். "ஒரு பொரியலுக்குக் கேட்டா உசுரக் கேட்ட மாதிரி பாக்கறீங்க" என்று நான் சண்டைக்குப் போவேன். சிரித்துக்கொண்டே டப்பாவை மூடுவார்.

தக்காளி, கத்திரி விதைகளைச் சாம்பலில் புரட்டி, சின்னச் சின்ன டப்பாக்களில் பேர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். அவரை விதைக்கு மட்டும் செம்மண் குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்து, சமையல்கட்டு அலமாரியில் ஒரு பெரிய டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதில் பேர் இல்லை. நங்கையா வீட்டில் சமைக்கிற துவரையையும் அவரையையும் வண்டு விழாமல் அப்படித்தான் செம்மண் கட்டி வைப்பார்கள். இது விதைக்கு வைத்தது என்று நங்கையாவுக்கு எப்படித் தெரியும், பாவம்?

இந்த ஆடியில் நானே ஊன்றுவதாக இருந்தேன். பந்தலில் அந்தக் கொடி ஏறிவிட்டால் அவர் முழுசாகப் போய்விடவில்லை என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நம்பிக்கை. அவர் கைபட்டு உயிரோடு இருந்ததில் இனி எங்கும் கிடைக்காதது அது ஒன்றுதான்.

"டப்பாவுல இன்னும் இருக்குதுங்களா, நங்கையா?"

"இல்ல கண்ணு. சனம் வருமேன்னு ராத்திரியே எல்லாத்தையும் கழுவி ஊறப்போட்டுப்போட்டேன். சங்கரனுக்கு இந்தக் கொழம்புன்னா உசுரு. சின்னதுல நாந்தான் ஊட்டியுடுவேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் அக்ஷயா நிமிர்ந்தாள். "அத்தை, அது அப்பாவோட..."

அவள் தொடையை அழுத்தினேன். நிறுத்திக்கொண்டாள்.

தம்பியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவரிடம் இதையும் சொல்லி என்ன ஆகப்போகிறது? பிசைந்து வாயில் வைத்தேன். கொட்டை வெண்ணெயாக வெந்திருந்தது. ருசியாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

நங்கையாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா, இன்னிக்காச்சும் கேட்டியே சாமி!" என்று அவசரமாகக் குழம்புச் சட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்த கடைசிக் கொட்டைகளையும் கரண்டியால் வழித்து என் இலையில் போட்டார்.