புற்றுமண் சுவர்

தென்னோலைக் கிடுகு கட்டலாம், சுவர் வைக்கக் கூடாது. மல்லாவிச் சந்தைக்குப் பின்னால் இருந்த தன் காணியின் மூலையில் மீனம்மாவுக்கு இடம் கொடுத்தபோது கமலாட்சி சொன்னது அவ்வளவுதான். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எல்லாருக்கும் காணிக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள். கிடுகுக்குள் இருப்பவர் என்றைக்காவது எழும்பிப் போய்விடுவார். சுவர் வைத்தவர் போகமாட்டார்.

இரண்டு மாரியில் கிடுகு உக்கிப்போயிற்று. பாய் வரைக்கும் சாரல் அடித்தது. மீனம்மாவின் கணவன் செல்வராசா விறகு வெட்டக் காட்டுக்குப் போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு புரட்டாதியில், மகளின் பேறுகாலத்துக்கென்று கமலாட்சி புதுக்குடியிருப்புக்குப் போனாள். அவள் பஸ் ஏறிய அன்றே மீனம்மா மண்வெட்டியை எடுத்தாள்.

அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. பிறந்தது மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். லயத்துச் சுவர் கம்பனியின் சுவர். ஓர் ஆணி அடிப்பதற்கும் கணக்கப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கிளிநொச்சிப் பக்கம் ஓடிவந்த பிறகு எல்லாம் கிடுகும் தகரமும் தறப்பாளுமாகவே கழிந்தது. தன்னுடையது என்று சாய்ந்து உட்கார ஒரு சுவர் அவளுக்கு இருந்ததில்லை.

காணி மண் மணல் கலந்தது, வெடிக்கும். பின்வேலியோரம் பழைய புற்று ஒன்று இருந்தது. கமலாட்சியின் ஆடுகள் ஏறி நின்று வேலிக் கதியாலின் துளிரைக் கடிப்பதைத் தவிர அதனால் யாருக்கும் உபயோகமில்லை. மீனம்மா அதை வெட்டி, ஊறவைத்து, வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதித்தாள். ஒரு முழம் வைத்து இரண்டு நாள் காயவிட்டு அடுத்த முழம். சாரல் அடிக்கும் பக்கம் நெஞ்சுயரச் சுவர் எழுந்ததும் சாணியால் மெழுகினாள். பிறகு பானைக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்து, மூன்று விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வளைத்து வளைத்து இழுத்தாள். தேயிலை மலையில் நிரைகளுக்கு நடுவே கூடையோடு அவள் நடந்த ஒற்றையடிப் பாதைகள் அவை. செடிகளை அவள் கீறவில்லை.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த சிவரூபி, அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு நாவலில் விரலை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண். மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் படிப்பித்தாள்.

"அக்கா, ஆபிரிக்காவிலை பெண்டுகள் இப்பிடித்தான் வீட்டுச் சுவர் முழுக்கக் கீறுவினமாம். பாபிலோன் எண்டு ஒரு ஊர். அங்கை நீலக் கல்லிலை சிங்கம் சிங்கமா மதில் கட்டியிருந்தவை. சீனாவிலை மலை மலையா ஏறி இறங்குற மதில்."

"அந்தச் சீனாச் சுவருக்குள்ள யாரு குடியிருந்தா?"

"ஆருமில்லை அக்கா. ஆக்களை வரவிடாமல் கட்டினது."

"அப்போ அது கமலாட்சியம்மா கட்டினதா இருக்கும்" என்றாள் மீனம்மா.

பதினைந்தாம் நாள் கமலாட்சி வந்தாள். பஸ்ஸால் இறங்கி வந்து பையை வாசலில் போட்டுவிட்டு நேரே மூலைக்கு நடந்தாள்.

"எடியே! ஆரைக் கேட்டுச் சுவர் வைச்சனி?"

"சாரலுக்குத்தாம்மா. ஒரு பக்கம் மட்டும்."

"இண்டைக்கு ஒரு பக்கம். நாளைக்குக் காணி உறுதி முடிச்சுக்கொண்டு வந்து நிப்பாய். ஊர்பேர் தெரியாத தோட்டக்காட்டாளுக்கு இரங்கினது என்ரை பிழை. மண் எங்காலை?" கேட்டபடி அவள் பின்வேலியைப் பார்த்தாள். புற்று இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. "ஐயோ, புத்தை வெட்டிப்போட்டாளே! நாகதம்பிரான் சாமி இருந்த புத்து!"

"ஆடுதாம்மா இருந்திச்சு."

"வாயை மூடு!" கமலாட்சி மண்வெட்டியைப் பிடுங்கினாள். ஓங்கியவள் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கரிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. "உதென்ன? பாம்பே?"

மீனம்மாவின் வாய்வரைக்கும் தேயிலை என்ற சொல் வந்தது. ஓங்கிய மண்வெட்டியைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "வெட்டுன அன்னைக்கு ராத்திரி கனவுல வந்திச்சு. புத்த இங்க கொண்டாந்துட்டே, இனி இங்கதான் இருப்பேன்னு சொல்லிச்சு. ஒடைக்கிறதுன்னா நீங்களே ஒடைங்க."

மண்வெட்டி கீழே இறங்கியது. தன் கொட்டில் வாசலில் நின்ற சிவரூபி புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கமலாட்சி மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு மீனம்மா முதுகைச் சுவரில் முழுதாகச் சாய்த்துச் சோறு தின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கமலாட்சி திரும்பி வந்தாள். கையில் பால் செம்பு, குங்குமம், பின்னால் மூன்று பெண்டுகள். மீனம்மாவைக் கேளாமல் சுவரின் காலடியில் பாலை ஊற்றினார்கள். கோடுகளின் மேல் குங்குமம் அப்பினார்கள். பால் ஊறிய இடத்தில் மண் இளகி வழிந்தது. கும்பிட்டு முடித்துத் திரும்பிய கமலாட்சியின் முகத்தில் அப்படியொரு அமைதி.

"மீனம்மா, சாமி வந்திட்டுது. நல்லது. அப்ப இது கோயில்தானே? கோயிலுக்குள்ளை கருவாடு சுடேலாது. பாய் போட்டுப் படுக்கேலாது. தீட்டோடை இருக்கேலாது. பின்னேரத்துக்குள்ளை சட்டி பானையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடு."

"அது சாமியில்ல, தேயிலை" என்றாள் மீனம்மா. "தேயிலைப் பாதை."

"சாமியில்லையோ? அப்ப வெறும் சுவர். சுவர் வைக்க நான் விடேல்லையே." கமலாட்சி மற்றப் பெண்டுகளைப் பார்த்துச் சிரித்தாள். "இவையின்ரை புத்தியே இதுதான். பொய்யையும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது."

மீனம்மா சிவரூபியின் கொட்டிலைப் பார்த்தாள். படலை சாத்தியிருந்தது.

மண்வெட்டியை எடுத்தாள். பெண்டுகள் விலகினார்கள். முதல் வெட்டில் மேல் பாதை போனது. இரண்டாவது வெட்டுக்கு ஒருத்தி அலறினாள். மூன்றாவதில் ஒரு கட்டி குங்குமத்தோடு பெயர்ந்து கமலாட்சியின் காலடியில் உருண்டது. அவள் துள்ளி விழுந்து விலகினாள். மீனம்மா நிறுத்தவில்லை. அடி முழம் வரைக்கும் வெட்டிச் சாய்த்து, கட்டிகளைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றினாள்.

"எங்கை கொண்டுபோறாய்? என்ரை காணி மண்!"

மீனம்மா கூடையை அவளுக்கு முன்னால் இறக்கி வைத்தாள்.

"எடுத்துக்கங்க. நீங்க பாலூத்துன மண்ணுதானே. கையால தொட்டு எடுத்துக்கங்க."

கமலாட்சி கூடையைப் பார்த்தாள். அவள் கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்ததே தவிர நீளவில்லை. பெண்டுகளில் ஒருத்தி, "வேண்டாம் அக்கா, தொடாதேங்கோ" என்றாள். மீனம்மா கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

குளக்கட்டுக்குக் கீழே யாருக்கும் உறுதியில்லாத, பற்றை மண்டிய காணி கிடந்தது. பாம்பும் நுளம்புக் கடியும் என்று இடம்பெயர்ந்தவர்கள்கூட அங்கே போவதில்லை. அவள் அங்கே கொட்டினாள். போனாள், வந்தாள். கமலாட்சி வேலியோரம் நின்று ஒவ்வொரு கூடைக்கும் ஒரு சாபம் போட்டாள், கிட்ட வரவில்லை. பதினேழாவது கூடை கொட்டும்போது மழை பிடித்தது. குவியலின் மேல் குங்குமம் கரைந்து ஓடியது. எப்படியும் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டிய மண்தான். மீனம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி மிதிக்கத் தொடங்கினாள்.