கோபிசங்கருக்குப் பேஸ் காணாது

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றுமே கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவர்களும் வாய்க்கு வாய் அதைத்தான் சொன்னார்கள். என் தங்கை பிரசாந்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் தாய் கமலாவதி எங்கள் வீட்டு வடையைக் கடித்தபடி, "நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் உங்கடை பிள்ளைக்குச் செய்யிறதைச் செய்யுங்கோ" என்றார். இந்த வசனத்தின் விஷம் எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். இவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அதோடு முடியும். கேட்காதவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் முடியாது.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற என் அப்பா சீவரத்தினம், அந்த வசனத்துக்குப் பயந்தே வீட்டைப் பிரசாந்தியின் பெயருக்கு எழுதினார். பிறகு அவள் பெயரிலேயே ஒரு சின்னக் காரும் எடுத்தார். அவள் கரவெட்டியில் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். பஸ் மாறி மாறிப் போய் அலைகிற பிள்ளைக்குக் கார் உதவும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். மாப்பிள்ளை கோபிசங்கர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாயிருக்கு. செற் மட்டும் கொஞ்சம் பழசு போலை" என்றான். "நான் ஒண்டும் கேக்கேல்லை, சும்மா சொன்னனான்" என்று உடனே சேர்த்தும் கொண்டான்.

நான் சந்தியில் வாகனங்களுக்குப் பாட்டுச் செற் பூட்டுகிற கடை வைத்திருக்கிறேன். ஆகவே அந்தச் சும்மா சொன்னது என் தலையில் விழுந்தது. தங்கச்சியின் கார் என்பதால் மனம் வைத்துத்தான் செய்தேன். திரை வைத்த புதுச் செற்றும் முன்கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கரும் போட்டேன். தகரம் அதிராமல் கதவுக்குள் தடித்த ரப்பர் விரிப்பு ஒட்டினேன். நான் ரியூன் பண்ணும்போது முதலில் பாட்டுப் போடுவதில்லை, வானொலிச் செய்திதான் போடுவேன். செய்தி வாசிப்பவர் முன்கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்து எங்களோடு கதைப்பது போலக் கேட்கவேண்டும். குரல் சரியாக வந்துவிட்டால் பாட்டுத் தானாகச் சரிவரும்.

கோபிசங்கர் கச்சான் கடலை கொறித்தபடி வந்து ஏறினான். கோது உடைத்த கையாலேயே புதுத் திரையைத் தடவித் தன் போனைப் புளூடூத்தில் இணைத்தான். ஒரு பாட்டு முழுவதும் கேட்டுவிட்டுக் கீழுதட்டைப் பிதுக்கினான். "பேஸ் காணாது அண்ணை." அடித்தொனி அதிர்வு போதாதாம்.

சத்தத்தைக் கூட்ட அம்ப் ஒன்று பூட்டினேன். காணாது. டிக்கிக்குள் பேஸுக்கென்றே பெரிய சப் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இறுக்கினேன். டிக்கியில் ஒரு பை வைக்கவும் இடமில்லாமல் போயிற்று. அப்போதும் அதே உதட்டுப் பிதுக்கல். பின்பக்கத்து நம்பர் தகடு கிடுகிடுவென்று நடுங்கவேண்டுமாம், அவனுடைய சிநேகிதன் காரில் அப்படித்தானாம். பாட்டுக்காரனின் குரல் மூழ்கிப்போகுமே என்று சொன்னேன். "குரலை ஆர் அண்ணை கேக்கிறது?" என்று சிரித்தான். அவன் இறங்கிப் போகும்போதெல்லாம் சீற்றில் கச்சான் கோது கிடக்கும். அதைப் பொறுக்கி எறியும்போது எனக்கு அருவருப்பாக இருக்கும்.

கடைசியாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் மறுபடி கடைக்கு வந்தான். பிரசாந்தியும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். ஓட்டுகிற இடத்திலிருந்து எப்படிக் கேட்கிறது என்று பார்க்க அவளைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நான் பக்கத்தில் இருந்தேன். கோபிசங்கர் வெளியே நின்று நம்பர் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ" என்றான். போன் காரோடு இணைந்திருந்ததால் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டது.

"தம்பி, உவங்களிட்டை வாய்விட்டுக் கேட்டிடாதை. காணாது எண்டு முகத்தை மட்டும் தூக்கி வைச்சிரு, தாங்களாச் செய்வாங்கள். உந்தச் செற்றோடை நிக்காமல், கார் சின்னன் எண்டும் மெல்லமாக் கதையை விடு. உவள் கறுப்பிக்கு உன்னை விட்டால் ஆர் கிடைக்கப்போறான்?"

கமலாவதியின் குரல் முன்கண்ணாடிக்கு நடுவிலிருந்து வந்தது. அவர் மூச்சு வாங்கியதுகூடத் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு அருமையாக ரியூன் பண்ணி வைத்திருந்தேன், என்னுடைய இந்தக் கையால்! நான் பாய்ந்து நிறுத்தப்போனேன். பிரசாந்தி என் கையைத் தட்டிவிட்டாள்.

"மாமி, பிரசாந்தி கதைக்கிறன். அவர் வெளியிலை நிக்கிறார். கூப்பிடட்டே?"

"ஆ, பிள்ளையே? சாப்பிட்டியளே பிள்ளை?" என்று தேன் ஒழுகியது. பிரசாந்தி இறங்கி, கோபிசங்கரின் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

நடந்ததை நான் அவனுக்குச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "போன் கதைக்கிறது காருக்கை போகாமல் செய்யேலாதே அண்ணை?" என்றான்.

வீட்டில் அப்பா சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "பெடியனைப் பெத்தவள் அப்பிடித்தான் கதைப்பாள். அதுக்காகக் கலியாணத்தைக் குழப்புறதே? கலியாணக் காட்டும் குடுத்தாச்சு. சனம் என்ன சொல்லும்?" அப்பாவோடு சண்டை பிடித்தேன். பிரசாந்தி அழுதாள், வேலைக்கும் போகவில்லை. கடைசியில் அவளே, "தாய் கதைச்சதுக்கு அவர் என்ன செய்வார்? அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் அண்ணை. நான் கட்டுறன்" என்றாள். ஒரேயொரு வார்த்தை. அவனுக்கு அதைச் சொல்லத் தெரிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் இவள் உடைந்துபோவாளே என்றும் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோபிசங்கர் வந்தான். அப்பா ஓடிப்போய்க் கதிரை எடுத்துப் போட்டார். பிரசாந்தி அறை வாசலில் நின்றாள். அவன் தேத்தண்ணியைச் சத்தமாக உறிஞ்சிக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"அண்டைக்கு நடந்தது எனக்கும் மனசுக்குச் சரியில்லை" என்றான். அப்பாவின் முகம் மலர்ந்தது. "இந்தக் கலியாணம் சரிவருமோ தெரியேல்லை. சரிவராட்டி, அந்த அம்பையும் சப் பெட்டியையும் எனக்குத் தருவியளே அண்ணை? சிநேகிதன்ரை காருக்கு அளவாயிருக்கும்."

நான் பிரசாந்தியைத்தான் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்க் கார்த் திறப்பை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"கழட்டிக் குடுங்கோ அண்ணை. நாளைக்கு நான் வேலைக்குப் போகவேணும். எனக்கு டிக்கியிலை இடம் வேணும்."

முற்றத்தில் நின்ற காரிலிருந்து கழற்றினேன். அவன் பக்கத்தில் நின்று பெட்டியில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டான். "வயரும் வருமே?" என்று கேட்டான். வயரையும் சுருட்டிக் கொடுத்தேன். அப்பா அதுவரை படியில் நின்றவர், இறங்கி வந்து, நிலத்தில் கிடந்த ஸ்குரூ ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"இந்தாரும் தம்பி, ஆணியையும் கொண்டுபோம்" என்று நீட்டினார்.

கோபிசங்கர் கை நீட்டி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.