சிலிண்டருக்குள் பெய்த மழை

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஆடி மாதத்தில், அனுமந்தன்பட்டி ஞானசெல்வி ஒரு கான்கிரீட் அறுக்கும் மெஷினின் சிலிண்டரைக் கழற்றியபோது, அதற்குள் மழை பெய்துகொண்டிருந்தது. பெருமழை என்று சொல்ல முடியாது, சாரல்தான். பிளக் மாட்டும் துளையை ஒட்டி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு மேகம் கட்டி, மேல்காற்றில் சைலன்சர் பக்கம் சாய்ந்து விழுந்தது. அந்த வாரம் திராட்சை விலை படுத்துவிட்டதால் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்க வந்த நாலைந்து பேரும் பந்தலில் பழம் அழுகுவதைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள்.

ஞானசெல்வி திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் மெஷின்களை ரிப்பேர் பார்ப்பவள். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அப்பன் விட்டுப்போன பட்டறை. அவள் புருஷன் விஜயபாண்டி, உத்தமபாளையம் ஜெய்லானியிடம் மெஷின் ஆப்பரேட்டர். குழாய் பதிக்கவும் சாக்கடை எடுக்கவும் சிமெண்டு ரோட்டை அறுக்கும் பெட்ரோல் மெஷின் அது, ஜெய்லானி மதுரையிலிருந்து இறக்கிய முதல் மெஷின். சாப்பாட்டுத் தட்டு அளவு பிளேடு சுழலும்போது ஒருத்தர் மெஷினைப் பிடிக்க, இன்னொருத்தர் பக்கத்தில் நின்று பிளேடில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் குறைந்தால் புழுதி கிளம்பி ஆளையும் தின்னும், எஞ்சினையும் தின்னும். சாயங்காலமானால் விஜயபாண்டி வெள்ளைவெளேரென்று வந்து வாசலில் நிற்பான். ஏர் பில்டரைத் தட்டுவது போல அவள் அவன் சட்டையைத் தட்டி, புருவத்தில் ஒட்டிய சிமெண்டை வாயால் ஊதிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். அவள் ஊத வேண்டும் என்பதற்காகவே அவன் வழியில் வாய்க்காலில் முகம் கழுவாமல் வருகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பேச்சு உண்மைதான்.

அந்த ஆடியில் விஜயபாண்டியின் கடக ராசிக்கு ஏழரைச் சனி பிடித்தது. சனிக்கிழமை குச்சனூரில் வேலை என்றதும், ஞானசெல்வி செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டாள். "வேல முடிஞ்சதும் குளிச்சுட்டு, சனீஸ்வரனுக்கு வெளக்குப் போட்டுட்டு வாங்க. மறந்துறாதீக" என்றாள். அங்கே கோயிலில் ஆடிச் சனிக்கூட்டம் நெரிந்தது. பக்கத்துத் தெருவை அறுத்து முடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி, அதற்குள் 2டி ஆயில் தீர்ந்துவிட்டது. இந்த எஞ்சினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். சின்னமனூர் போய் வாங்கி வந்திருக்கலாம். விஜயபாண்டி சோம்பல் பட்டு நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மொக்கைச்சாமி பதறிப்போய், "அண்ணே, அது சாமிக்குண்ணே" என்றான். "சாமியும் கருப்பு, எஞ்சினும் கருப்பு. ரெண்டுக்கும் எண்ணெய்தான வேணும்?" என்று விஜயபாண்டி கயிற்றை இழுத்தான். கொஞ்ச தூரம் மெஷின் நன்றாகவே ஓடியது. தெருவெல்லாம் விளக்கு வாசம் பரவி, போகிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். எஞ்சின் ஜாம். தன் கையில் ஒரு எஞ்சினும் ஜாம் ஆனதில்லை என்று மார்தட்டித் திரிந்தவன் அவன். "சாமிக்குக் குடுத்தத ஊத்திட்டு செல்வி மொகத்துல எப்புடிறா முழிப்பேன்" என்று மெஷினை மொக்கைச்சாமியிடம் தள்ளிவிட்டு, மலையேறிக் குமுளி போகிற ஜீப்பில் ஏறிவிட்டான். சனி பிடித்தது ஆளையா மெஷினையா என்பதில் குச்சனூரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

மெஷின் பட்டறைக்கு வந்தது. ஞானசெல்வி அழுவதற்கு முன் சைலன்சரைக் கழற்றினாள், அது அவள் சுபாவம். துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். கார்பரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் பில்டரைத் தாண்டிப் புழுதி போயிருக்கிறது. சுற்றிலும் கீறல் என்றால் சூடு. சைலன்சர் பக்கம் மட்டும் நெடுங்கீறல் என்றால் ஆயில் பத்தவில்லை. இதில் சைலன்சர் பக்கம்தான் கீறியிருந்தது. ரிங் அசையாதபடி பழுப்பாய் ஒரு பிசின், முறுக்குச் சட்டியின் அடியில் ஒட்டுமே அதைப் போல. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். அவள் கொடுத்தனுப்பிய எண்ணெய். முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை வந்தது. "இதுக்கா ஊர விட்டுப் போனாக? ஒரு பிஸ்டன், ஒரு ரிங்கு. அரைநா வேலைண்ணே" என்று ஜெய்லானியிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் சிலிண்டரைக் கழற்றினாள், மழையைப் பார்த்தாள்.

அது நம்ம பக்கத்து மழை இல்லை. ஆடியில் கம்பம் பள்ளத்தாக்குக்குக் காற்றுதான் வரும், மழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரன் வைத்துக்கொள்வான். சிலிண்டரில் விழுந்த துளியில் ஏலக்காய் வாசம் இருந்தது. அவன் எங்கே நனைகிறான் என்று அவளுக்குப் புரிந்துபோனது. ஜெய்லானி மதுரையிலிருந்து பிஸ்டன் வாங்கி வந்தபோது, "இதப் போட்டு மூடிட்டா மழ எங்கண்ணே போகும்?" என்று கேட்டாள். ஜெய்லானி வியாபாரிதான், ஆனாலும் பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியலையேத்தா" என்றார். பிஸ்டனை அங்கேயே வைத்துவிட்டுப் போய் வேறு மெஷின் வாங்கிக்கொண்டார்.

வருடங்கள் போயின. சிலிண்டர் பட்டறை அலமாரியில் இருந்தது, அடியில் ஒரு பித்தளைக் கும்பா, பக்கத்தில் திறந்து கிடந்த எஞ்சின். ஆடி ஆவணியில் கும்பா நிரம்பும், கோடையில் பனிமூட்டத்தோடு சரி. அந்தத் தண்ணீரில்தான் அவள் தினமும் முகம் கழுவினாள். ஒரு மார்கழியில் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. மிளகுக் கஷாயம் வைத்து பிளக் துளை வழியே சொட்டுச் சொட்டாக விட்டாள், இருமல் நின்றது. குமுளிக்குப் போய் எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேட்டும் பார்த்தாள், "இவிடெ இல்ல" என்று கைவிரித்தார்கள். ரோட்டு வேலை பெருகி, பள்ளத்தாக்கில் இருந்த அறுப்பு மெஷின்கள் எல்லாம் அவளிடமே வந்தன. எல்லாவற்றையும் ஓடவிட்டாள், இதை மட்டும் தொடவில்லை. பில்டர்களை எடுத்துப் புழுதி ஊதும்போது சில சமயம் மூச்சு பாதியில் நின்றுவிடும், ஊத வேண்டிய புருவம் ஞாபகம் வந்துவிடும். ஏங்கினாள் என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்பது புரட்டாசியில் சனி பெயர்ந்தது. அன்றைக்கே சிலிண்டருக்குள் மழை நின்றது. கும்பா காய்ந்தது. வருடக்கணக்கில் பக்கத்துச் சாரல் பட்டும் துரு அண்டாத எஞ்சினின் கிராங்க் பேரிங்கில், ஈரம் போன மறுநாளே செம்புள்ளி விழுந்தது. மொக்கைச்சாமி சந்தோஷமாக ஓடிவந்தான். "ஆத்தா, சனி எறங்கிருச்சு. அண்ணன் வந்துரும்" என்றான். "எறங்குனது சனியா உசிரான்னு எனக்கு எப்புடிறா தெரியும்?" என்று அவள் கத்தினாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். திறந்து கிடக்கும் எஞ்சின் துருவேறிச் சாகும். மூடினால் பிழைக்கும், ஆனால் அவன் இருமல் கேட்ட ஒரே வழியும் அடைபடும்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பிஸ்டன் டப்பாவை எடுத்தாள். பிசினைப் பெட்ரோலில் ஊறவைத்துத் துடைத்தாள். சிலிண்டரில் ஒட்டியிருந்த அலுமினியத்தை நைஸ் எமரித்தாளால் தேய்த்தெடுத்தாள், பேரிங்கை மாற்றினாள், பிஸ்டனில் இருக்கும் அம்புக்குறி சைலன்சரைப் பார்க்கும்படி வைத்து ரிங்கில் எண்ணெய் தடவினாள். மூடுவதற்கு முன் சிலிண்டருக்குள் வாயை வைத்து, "மூடப் போறேன். வாறதா இருந்தா வந்துருங்க" என்றாள். பெட்ரோலில் 2டி ஆயிலை அளந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். தோள் இற்றுப்போகும் நேரத்தில் எஞ்சின் பிடித்து, சுருதி சுத்தமாக ஓடியது. புகையில் லேசாக விளக்கு வாசம் வந்தது.

அன்று சாயங்காலம் குமுளி பஸ்ஸிலிருந்து விஜயபாண்டி இறங்கினான். ஊர் காய்ந்து கிடந்தது, அவன் மேல் மட்டும் மழை பெய்தது. கண்டக்டர் மேகத்துக்கும் லக்கேஜ் போட்டுவிட்டதாக அவன் குறைப்பட்டுக்கொண்டே பழையபடி வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. "ஏலத்தோட்டத்துல நின்னேன், நம்ம மெஷின் சத்தம் கேட்டுச்சு" என்றான். ஞானசெல்வி பழக்கத்தில் கையைத் தூக்கினாள். சட்டையில் தட்டுவதற்குப் புழுதி இல்லை. புருவத்தில் தொங்கிய துளியை ஊதிவிட்டு உள்ளே விட்டாள்.

அடுத்த வாரமே ஜெய்லானி அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அவன் அறுக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் தேவைப்படவில்லை, புழுதி கிளம்பவில்லை, பில்டர் இரண்டு மடங்கு காலம் உழைத்தது. மொக்கைச்சாமி கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்து, பிறகு ரோட்டில் சிவப்புக் கொடி பிடிக்கப் போனான். ஞானசெல்வி வீட்டுப் பாய் அன்றிலிருந்து காய்ந்ததே இல்லை. அவள் அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதுமில்லை.