சம்பந்தி பின்னுக்கு எடுத்த ராணி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, மகன், மருமகள், என் தம்பி. மருமகளின் அப்பா இல்லை. மனமகிழ் மன்றப் போட்டியில் அவரை நான் வீழ்த்திய செஸ் ஆட்டத்தைத்தான், குறிப்புத்தாளைப் பார்த்துப் பலகையில் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை. அது மருமகளாக வந்தவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"மூணாவது நகர்த்தல்லயே சம்பந்தி சிப்பாயைச் சும்மா விட்டுட்டார். குதிரையால அடிச்சேன். ராணியை வெளியே கொண்டுவந்தார். இப்ப பாருங்க, அதே குதிரை ராணியையும் யானையையும் சேர்த்துப் பிடிக்குது. ராணியைத் தூக்கிக்கிட்டு ஓடினார். யானை போச்சு."

"ஏம்மா, உங்கப்பாவை அண்ணன் துவைச்சுக் காயப்போட்டுட்டாரே!" என்றான் தம்பி. என் மனைவி சிரித்தாள்.

மருமகள் சிரிக்கவில்லை. அவள் விரல் தன் அப்பாவின் கறுப்பு ராணியைத் தொட்டு, உடனே விலகியது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா."

"என் வீட்ல எதையும் மென்னு முழுங்க வேண்டாம். சொல்லு."

அவள் என் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"இந்தத் தொடக்கத்தை அப்பாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் மாமா. சிப்பாயை விடுறதே தூண்டில்தான். இங்க ராணி ஓடக்கூடாது."

யானையையும் ராணியையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்து, அவள் அப்பாவின் காய்களை ஆடினாள். ராணி என் யானைக்குப் பக்கத்துச் சிப்பாயை அடித்தது. நான் யானையை நகர்த்தினேன். ராணி இன்னொரு சிப்பாயை அடித்து ராஜாவுக்குச் செக் வைத்தது. பிஷப்பைக் குறுக்கே இழுத்தேன். அவள் குதிரையைத் தூக்கி வைத்தாள். செக்மேட். என் ராஜா தன் ஆட்களுக்கு நடுவிலேயே மூச்சுமுட்டி நின்றது.

தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான்.

"அப்பா மறந்திருப்பார்," என்றாள் மெதுவாக.

அவர் மறக்கவில்லை. போட்டியன்று ராணியின் மேல் விரலை வைத்தபடி அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நான், "உங்க பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம், சம்பந்தி. எங்க வீட்ல அது செல்லாது," என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சின்னப் பொண்ணுங்க. நீங்கதான் பொறுத்துக்கணும்," என்று சொல்லிவிட்டு ராணியைப் பின்னுக்கு எடுத்தார்.

நான் சிரித்துக்கொண்டே யானையை அடித்தேன்.

கூடத்தில் மருமகள் காய்களைப் பெட்டியில் அடுக்கினாள். என் வெள்ளை ராஜாவை மட்டும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

சம்பந்தியிடம் தோற்றதால்தான் நான் மன்றத்துப் பக்கம் போவதில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம். பொய். அந்த ஆட்டத்தில் ஜெயித்தவன் நான். குறிப்புத்தாளில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.