ஞாயிறு ஏழரைக்குக் கனடா

ஜீவனஹள்ளி அடுக்ககவாசிகள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வரும் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, நமது குடியிருப்பின் வரலாற்றில் முதன்முறையாக, பி-302 திரு. பாலகுமார் அவர்களின் குரல் கனடா நாட்டுப் பொது வானொலியில் ஒலிக்கவிருக்கிறது. இடம்: மொட்டைமாடி. மசால்வடை உண்டு. அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடாது.

லிஃப்டில் ஒட்டியிருந்த இந்தத் தாளில் ஜனங்கள் படித்தது கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டுமே. ஒன்றுக்காக வருவதாகச் சொன்னார்கள், மற்றதற்காகத் திட்டினார்கள்.

பாலகுமார் டொராண்டோவுக்குப் பக்கத்தில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே வாங்கிய காரில் மூன்று மாதம் சாட்டிலைட் ரேடியோ இலவசம். அதில் ஒரு சேனல், எந்தக் கம்பெனியும் சீந்தாமல், வீட்டிலேயே பாடிப் பதிந்துகொண்டவர்களின் பாட்டை மட்டும் போட்டது. மனிதர் மூன்றாம் நாளே விழுந்துவிட்டார். அந்த சாட்டிலைட் பெங்களூருக்கு எட்டாததால் இங்கே வந்தபின் கைபேசியில் கனடாவின் பொது வானொலி. அதே மாதிரிப் பாட்டுகளுக்கு அங்கே சனி இரவு நிகழ்ச்சி. இங்கே ஞாயிறு காலை. 'இண்டிபெண்டன்ட் மியூசிக்' என்று சொல்லும்போது மட்டும், கர்ப்பகிருகத்தில் நிற்பவர்போல அவர் குரல் தாழும்.

மனைவி ராஜலக்ஷ்மி அதில் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. "பல்வலில யாரோ முனகுற மாதிரி இருக்குங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அவருக்கு அதுதான் குறை. ஊர் கேட்காவிட்டால் போகட்டும். அவள் ஒரே ஒரு பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் நேயர் விருப்பத்துக்குக் குரலைப் பதிந்து அனுப்பினார். போடுகிறோம் என்று பதிலும் வந்தது.

ஞாயிறன்று இருபது பேர் கூடினார்கள். ராஜலக்ஷ்மி மட்டும் இன்னும் கீழே சமையலறையில். சரியாக ஏழரைக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஆங்கிலத்தில், ஏற்ற இறக்கமே இல்லாமல், வடமேற்குக் காற்று என்றாள். அலை மூன்று மீட்டர் என்றாள்.

"என்ன சார் இது?" என்றார் சங்கச் செயலாளர் முனிகிருஷ்ணன், வடையைக் கடித்தபடி.

"ஸ்போக்கன் வேர்ட் சார். இசையே இல்லாத இசை. நடுவுல விடுற இடைவெளியைக் கவனிங்க."

எல்லோரும் இடைவெளியைக் கவனித்தார்கள். 'கடும் பனிமூட்டம்' வந்தபோது தரைத்தள சரளா கண்ணை மூடி, "ஒரு சோகம் இருக்குப்பா இதுல" என்றாள்.

கால் மணி கழித்து முனிகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "சும்னே கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இப்ப மீன் வெலை சொல்றாங்களே, அதுவும் இசைதானா?"

பாலகுமார் கைபேசியைத் தடவிப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது மீனவர்களுக்கான அறிக்கை. நவம்பர் பிறந்ததும் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அவரே நான்கு வருடம் தள்ளிவைத்தவர்தான்.

"எட்டரைக்குத்தான் வரும். ஸ்வல்ப வெய்ட் பண்ணுங்க."

"எட்டரையா! மோட்டார் போடலேன்னா ஜனங்க என்னை உரிச்சிடுவாங்க சார்."

வடையும் தீர்ந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் மாடி காலி.

தட்டுகளை எடுக்க வந்த ராஜலக்ஷ்மி, "எங்க, யாரையும் காணோம்?" என்றாள்.

"டைம் தப்பா போட்டுட்டேன் ராஜி. எட்டரைக்குத்தானாம்." ஒயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சுருட்டாதீங்க. கேட்டுட்டே போறேன்."

எட்டரை தாண்டிச் சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் பாலகுமாரின் ஆங்கிலம் கேட்டது. 'என் மனைவி வேலை முடிந்து வரக் காருக்குள் காத்திருந்தபோது இந்தப் பாட்டு வந்தது. அவள் வந்து கண்ணாடியைத் தட்டினாள். முடியட்டும் என்று கை காட்டினேன். பனியில் நின்றாள். அவளை நிற்கவைத்தது எதற்காக என்று அவள் கேட்க வேண்டும்.'

"அடப்பாவி," என்றாள் ராஜலக்ஷ்மி. "கதவு பனில ஒறைஞ்சு தொறக்கலைன்னு சொன்னீங்களே!"

பாட்டு தொடங்கியது. ஒரு கிதார், ஒரு ஆள். மோவாயில் கைவைத்து, அசையாமல், கடைசி வரை கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. இதுக்காக நிக்கலாம்."

பாலகுமார் தலையை மட்டும் ஆட்டினார்.

வானொலியில் போட்டது வேறு ஏதோ பாட்டு.